நிமிர்ந்து நிற்கும் உடல் எப்படி விழாமல் இருக்கிறது?

கேட்கப்பட்டிருக்கும் கேள்வி இரண்டு பகுதிகள் கொண்டது. இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்கும் மனித உடல் எவ்வாறு தன் சமநிலையைக் காத்துக்கொள்கிறது என்பது ஒன்று. சமநிலைக்கான உறுப்பு உட்செவியில் இருக்கிறது என்றுதானே பள்ளியில் படித்தோம், அப்படியிருக்கக் கண்களை மூடியதும் உடல் ஏன் தள்ளாடுகிறது என்பது மற்றொன்று. நரம்பு நோயாளிகளுக்கு நிற்கவும் நடக்கவும் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் இந்த இரண்டாவது கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். சமநிலை என்றாலே காதுதான் என்ற எண்ணம், தள்ளாட்டத்தின் உண்மையான காரணத்தைத் தேட வேண்டிய இடத்தில் தேடவிடாமல் பலரையும் மாதக்கணக்கில் அலைய வைத்துவிடுகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அசையாமல் நிற்பது மனித உடலால் இயலாத காரியம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல உடல்நலமுள்ள இளைஞர் ஒருவரை, விசையை அளக்கும் தட்டின்மீது, எதையும் பிடிக்காமல், முடிந்தவரை ஆடாமல் நிற்கச் சொன்னாலும், அவருடைய எடை தரையை அழுத்தும் புள்ளி ஒரு நொடிகூட ஓரிடத்தில் தங்குவதில்லை. சில மில்லிமீட்டரிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் வரை முன்னும் பின்னும், அதைவிடக் குறைந்த அளவில் பக்கவாட்டிலும் அது அலைந்துகொண்டே இருக்கிறது. இந்த மெல்லிய ஆட்டம் குறைபாடு அன்று. உடல் சற்றே சாய்கிறது, சாய்வு உணரப்படுகிறது, தசைகள் அதைத் திருத்துகின்றன, திருத்தம் சற்று மிகையாகி மறுபக்கம் சாய்கிறது. நிற்பது என்று நாம் சொல்வது இந்தத் தொடர் திருத்தத்தைத்தான்.

ஏன் இவ்வளவு சிரமம் என்றால், நம் உடலின் அமைப்பு அப்படிப்பட்டது. நிமிர்ந்து நிற்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து உயரத்தின் ஏறக்குறைய 55 விழுக்காட்டு அளவில், அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 88 சென்டிமீட்டர் உயரத்தில், இடுப்பின் பின்புறம் உள்ள திருவெலும்புக்குச் சற்று முன்னால் அமைகிறது. அதைத் தாங்குவதோ இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட தரையும் சேர்ந்த ஒரு சிறு பரப்புதான். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு அந்தப் பரப்புக்குள் விழும்வரை நிற்கலாம். வெளியே போனால் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும், அல்லது விழ வேண்டும். நான்கு கால் விலங்குகளோடு ஒப்பிட்டால் நம் மையம் மிக உயரத்தில் இருக்கிறது, அடித்தளம் மிகக் குறுகியதாக இருக்கிறது.

அந்தக் கோடு கணுக்கால் மூட்டின்மீது நேராக விழுவதில்லை என்பது பலரும் அறியாத செய்தி. மூட்டுக்குச் சுமார் 4 அல்லது 5 சென்டிமீட்டர் முன்னால், பாதத்தின் நடுப்பகுதியை ஒட்டி அது விழுகிறது. ஆகவே நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் நாம் முன்னோக்கி விழுந்துகொண்டிருக்கிறோம். கெண்டைக்கால் தசைகள், குறிப்பாக உட்புறத்தில் அகலமாகப் படர்ந்திருக்கும் சோலியஸ் தசை, குதிகால் நாண் வழியாக நம்மைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்த இழுவையைக் கணக்கிட்டால், இரண்டு கெண்டைக்கால்களும் சேர்ந்து ஏறக்குறைய அவருடைய உடல் எடைக்கு நிகரான விசையைச் சும்மா நிற்கும்போதே செலுத்திவருவது தெரியும். சோலியஸ் தசையில் எளிதில் களைப்படையாத மெதுவகை இழைகளே மிகுதி என்பதால்தான் மணிக்கணக்கில் நிற்க முடிகிறது.

இதை நீங்களே தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். ஒரு மேசையின் அருகே தளர்வாக நின்று, குனியாமல், வேறொருவரைக் கொண்டு உங்கள் முழங்கால் சில்லைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொடைத் தசை வேலை செய்யாததால் சில்லு தளர்ந்து நகரும். அவரையே உங்கள் கெண்டைக்காலை அழுத்திப் பார்க்கச் சொன்னால் அது விறைப்பாக இருக்கும். நீங்கள் மெல்ல முன்னால் சாயச் சாய அந்த விறைப்பு கூடும். பின்னால் சாய்ந்தால் கெண்டைக்கால் தளர்ந்து, முன்னங்காலின் தசைநாண்கள் புறப்பட்டு நிற்கும். எடைக்கோடு முழங்காலுக்குச் சற்று முன்னாலும் இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னாலும் செல்வதால் அந்த இரு மூட்டுகளையும் பெருமளவு தசைநார்களே தாங்கிக்கொள்கின்றன. இடுப்பின் முன்புறம் உள்ள தசைநார் உடலிலேயே மிக வலிமையானவற்றுள் ஒன்று. எனவே நிற்கும் உடலின் பெரும்பாலான கட்டுப்பாடு கணுக்காலில்தான் நடக்கிறது. முன்னால் சாய்ந்து நிற்பதிலும் பொருள் இருக்கிறது: பாதம் கணுக்காலுக்குப் பின்னால் குறைவாகவும் முன்னால் நீளமாகவும் இருப்பதால், நடுவில் நின்றால்தான் இருபக்கமும் தவறு செய்ய இடம் கிடைக்கும்.

கணுக்கால் ஒரு விறைப்பான சுருள்வில் போல வேலை செய்து உடலைத் தானாகவே நிறுத்தி வைக்கிறது என்ற கருத்து 1990களின் இறுதியில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பிரிட்டனில் இயன் லோரம், மார்ட்டின் லேக்கி ஆகியோர் அடுத்த சில ஆண்டுகளில் செய்த நுண்ணிய அளவீடுகள் அது போதாது என்று காட்டின. குதிகால் நாண் நாம் நினைப்பதைவிட நெகிழ்வானது. அதன் இயல்பான விறைப்பு உடலைத் தாங்கத் தேவையான அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. இன்னும் வியப்பான செய்தி, உடல் முன்னால் சாயும்போது கெண்டைக்கால் தசை நீள்வதற்குப் பதிலாகப் பெரும்பாலும் சுருங்குகிறது என்பது. நாண் நீண்டு இடம்கொடுக்க, தசை சுருங்கி அதை ஈடு செய்கிறது. தசை இழுபட்டால் அனிச்சையாகச் சுருங்கும் என்ற பாடநூல் விளக்கத்தால் மட்டும் இதை விளக்க முடியாது. நரம்பு மண்டலம் சாய்வை முன்கூட்டியே கணித்துக் கட்டளையிடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

கணிப்பு தேவைப்படுவதற்குக் காரணம் காலதாமதம். கணுக்காலிலிருந்து செய்தி தண்டுவடத்துக்குப் போய்த் திரும்பும் மிகக் குறுகிய அனிச்சைக்கே 40 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. மூளைத்தண்டும் மேல்மூளையும் பங்கேற்கும் முழுமையான திருத்தத்துக்கு 100 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. உள்ளங்கையில் ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்திப் பழகியவர்களுக்கு இது புரியும்: கோல் சாய்ந்தபின் கையை நகர்த்தினால் தாமதமாகிவிடும், சாயப்போகும் திசையைக் கண்டு நகர்த்த வேண்டும். நல்லவேளையாக, உயரமான பொருள் மெதுவாகவே சாயத் தொடங்கும் என்பதால் உடலுக்குச் சிறிது அவகாசம் கிடைக்கிறது.

இனி, சாய்வை மூளை எப்படி அறிகிறது என்பது. மூன்று வழிகளில் செய்தி வருகிறது. முதலாவது பாதத்தின் தோலிலும் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள். தசைகளுக்குள் பொதிந்திருக்கும் தசைக்கதிர்கள் தசையின் நீளத்தையும் அது மாறும் வேகத்தையும் சொல்கின்றன. உள்ளங்காலின் தோல் எடை குதிகாலில் இருக்கிறதா விரலடியில் இருக்கிறதா என்று சொல்கிறது. இரண்டாவது உட்செவி. மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை, உள்ளிருக்கும் திரவம் பின்தங்குவதன் மூலம் உணர்கின்றன. யூட்ரிக்கிள், சாக்யூல் என்ற இரண்டு சிறு பைகள், கால்சியம் கார்பனேட் துகள்கள் மயிரணுக்களின்மீது சரிவதன் மூலம் தலையின் சாய்வையும் நேர்கோட்டு முடுக்கத்தையும் உணர்கின்றன. மூன்றாவது கண்.

பாடநூலில் உட்செவிக்குத் தனிப்படம் இருப்பதால் அதற்கே முதலிடம் என்று நினைக்கிறோம். நிற்பதைப் பொறுத்தவரை அது சரியன்று. உட்செவி தலையைப் பற்றித்தான் சொல்ல முடியும், உடலைப் பற்றி அன்று. தலை மட்டும் குனிந்ததா, உடலே சாய்ந்ததா என்று பிரித்தறியக் கழுத்திலிருந்தும் கால்களிலிருந்தும் செய்தி வந்தாக வேண்டும். அதோடு, அமைதியாக நிற்கும்போது ஏற்படும் சாய்வு மிகச் சிறியது, மிக மெதுவானது. 1990களில் ஆஸ்திரேலியாவில் ஃபிட்ஸ்பேட்ரிக், மெக்லோஸ்கி ஆகியோர் ஒவ்வொரு புலனையும் தனிமைப்படுத்திச் சோதித்தபோது, அத்தகைய மெல்லிய அசைவுகளை உணர்வதில் கால்களின் உணர்வே மிகக் கூர்மையானது என்றும், உட்செவி அவற்றை உணர அசைவு வெகுவாகக் கூட வேண்டும் என்றும் கண்டார்கள்.

கால்களின் செய்தியை மூளை எவ்வளவு நம்புகிறது என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கண்களை மூடி நிற்பவரின் குதிகால் நாண்கள்மீது நொடிக்கு 80 முறை அளவில் அதிரும் கருவியை வைத்தால், அதிர்வைத் தசைக்கதிர்கள் தசை நீள்கிறது என்று அறிவிக்கின்றன. உடல் முன்னால் சாய்வதாக மூளை முடிவு செய்கிறது. நேராக நின்றிருந்தவர் தன்னையறியாமல் பின்னால் சாய்கிறார், பிடிக்காவிட்டால் விழுகிறார். அவருடைய காதில் எந்தக் கோளாறும் இல்லை. அது சரியான செய்தியைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அந்த வேளையில் காதின் செய்தியைக் கால்களின் செய்தி மீறிவிடுகிறது.

கண்ணுக்கும் அப்படியொரு சோதனை இருக்கிறது. 1970களில் எடின்பரோவில் டேவிட் லீயும் அவருடைய உடனாய்வாளர்களும் தரை அசையாமல் சுவர்களும் கூரையும் மட்டும் நகரும் ஓர் அறையை அமைத்தார்கள். எதிர்ச்சுவர் சில சென்டிமீட்டர் தன்னை நோக்கி நகர்ந்ததும், தான் முன்னால் சாய்கிறோம் என்று கொண்டு பெரியவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். அண்மையில் நிற்கக் கற்றிருந்த குழந்தைகள் தடுமாறி உட்கார்ந்துவிட்டார்கள், சிலர் விழுந்தார்கள். நிற்கப் பழகும் பருவத்தில் கண்ணின் செய்திக்கு மூளை எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பதை அது காட்டியது.

ஆக, மூளை செய்வது எடைபோடுதல். எந்தச் சூழலில் எந்தச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்று அது ஓயாமல் மதிப்பிட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறது. உறுதியான தரையில், வெளிச்சத்தில், நலமுள்ள பெரியவர் ஒருவர் நிற்கும்போது கால்களின் உணர்வுக்கு ஏறக்குறைய 70 விழுக்காடும், உட்செவிக்கு 20 விழுக்காடும், கண்ணுக்கு 10 விழுக்காடும் மதிப்புக் கிடைப்பதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். தடித்த நுரைமெத்தையின்மீது நிற்கவைத்தால் பாதங்களின் செய்தி குழம்பிவிடுவதால் மற்ற இரண்டின் பங்கும் உயர்கிறது. அங்கேயே கண்களையும் மூடச் சொன்னால் உட்செவியைத் தவிர வேறு துணை இல்லை. உட்செவி பழுதுபட்டவர் சிமெண்டுத் தரையில் நன்றாக நின்றுவிட்டு, நுரைமெத்தையில் கண்மூடியதும் சரிந்துவிடுவது இதனால்தான். கண்ணை மூடினால் ஏன் ஆட்டம் கூடுகிறது என்ற கேள்விக்கும் விடை இதுவே: பத்தில் ஒரு பங்கு என்றாலும் கண்ணின் செய்தி நின்றுபோனதும் மீதமுள்ள செய்திகளின் பிழை அதிகமாக வெளிப்படுகிறது. நலமுள்ளவருக்கு அந்தக் கூடுதல் ஆட்டம் சிறியது. அது பெரியதாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மருத்துவ வரலாற்றில் இரண்டு மனிதர்களின் நிலை இதை எந்தச் சோதனையையும்விடத் தெளிவாக்குகிறது. இங்கிலாந்தின் இயன் வாட்டர்மன், 1971 இல், தம் 19 ஆம் வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் கைகால்கள் எங்கே இருக்கின்றன என்ற உணர்வையும் முற்றிலும் இழந்தார். தசைகளை இயக்கும் நரம்புகளுக்குச் சேதமில்லை. உட்செவி நன்றாக இருந்தது, கண் நன்றாக இருந்தது. ஆயினும் நிற்கக் கற்றுக்கொள்ளவே அவருக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. தன் கால்களைக் கண்ணால் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் எண்ணிச் செய்தே நின்றார், விளக்கு அணைந்தால் தரையில் சாய்ந்துவிடுவார். மறுபக்கத்தில், காசநோய் வகை நோய்த்தொற்றுக்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் இரு உட்செவிகளின் சமநிலை உறுப்பையும் இழந்த ஒரு மருத்துவர் 1952 இல் தம் அனுபவத்தை ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவரால் பகலில் நிற்கவும் நடக்கவும் முடிந்தது. ஆனால் நடக்கும்போது எதிரே வருபவரின் முகம் குலுங்கியது, தொடக்கத்தில் படுக்கையில் படிப்பதற்குக்கூட, நாடித்துடிப்பால் எழுத்துகள் ஆடாமலிருக்கத் தலையைக் கட்டிலின் கம்பிகளுக்கிடையே அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உட்செவியின் அன்றாடப் பெரும்பணி தலை அசையும்போது பார்வையை நிலைப்படுத்துவது என்பதை அந்தக் கட்டுரை உணர்த்திவிட்டது.

வெளியிலிருந்து வரும் செய்திக்காகக் காத்திராமல் நடக்கும் ஒரு வேலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நின்றபடி கையை முன்னால் நீட்டி அலமாரியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்கும்போது, கையின் எடை உடலை முன்னால் இழுக்கும். தோள்தசை சுருங்கத் தொடங்குவதற்கு முன்பே தொடையின் பின்புறத் தசைகளும் முதுகுத் தசைகளும் சுருங்கி உடலைத் தயார்செய்துவிடுகின்றன என்பதைச் சோவியத் ஆய்வாளர்கள் 1967 இல் பதிவு செய்தார்கள். இந்த முன்னேற்பாட்டைச் செம்மைப்படுத்துவதில் சிறுமூளைக்கு முக்கியப் பங்கு உண்டு. அது பழுதுபட்டால் கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் தள்ளாட்டம் இருக்கும். மது அருந்தியவரின் தள்ளாட்டம் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. சிறிய சாய்வைக் கணுக்காலும், சற்றுப் பெரியதை இடுப்பை வளைப்பதும், அதற்கும் மேற்பட்டதை ஓரடி எடுத்து வைப்பதும் திருத்துகின்றன என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்.

கண்ணை மூடி நிற்கச் சொல்லும் பரிசோதனைக்கு 19 ஆம் நூற்றாண்டில் பெர்லினில் வாழ்ந்த மோரிட்ஸ் ராம்பர்க்கின் பெயர் வழங்குகிறது. சிபிலிஸ் நோயால் தண்டுவடத்தின் பின்பகுதி சிதைந்த நோயாளிகள் கண்ணைத் திறந்திருக்கும்வரை நின்று, மூடியதும் விழுவதை அவர் விவரித்தார். இது சிறுமூளைக்கான பரிசோதனை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு, கால்களின் உணர்வு மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் இது முதன்மையாகக் காட்டுகிறது.

நம் ஊரில் இந்த உணர்வு குறைவதற்கு இன்று முதன்மையான காரணம் சர்க்கரை நோய். பல ஆண்டு சர்க்கரை நோயில் உள்ளங்காலின் நரம்புகள் முதலில் பழுதாகின்றன. நோயாளி கொண்டுவரும் முறையீடு பெரும்பாலும் தலைச்சுற்றல் என்றே இருக்கும். விவரமாகக் கேட்டால், சுற்றல் எதுவும் இல்லை. காலையில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இரவில் மின்சாரம் போனால் சுவரைத் தடவிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது, செருப்பு காலிலிருந்து நழுவியதே தெரிவதில்லை என்பார்கள். இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலும் காதைப் பரிசோதிக்கும் முன் பாதங்களைப் பரிசோதிக்க வேண்டும். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். வைட்டமின் பி12 குறைந்தாலும் தண்டுவடத்தின் அதே பின்பகுதி பாதிக்கப்படும். பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவர்களும் அந்த அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இது காலத்தில் கண்டால் சரிசெய்யக்கூடியது.

உண்மையிலேயே காதால் வருவதும் உண்டு. படுக்கையில் புரண்டதும் அல்லது அண்ணாந்து பார்த்ததும் அறையே சில நொடிகள் சுழன்று நின்றுவிட்டால், உட்செவியின் சிறு பையிலிருந்து உதிர்ந்த கால்சியத் துகள்கள் அரைவட்டக் குழலுக்குள் புகுந்திருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அவற்றை வெளியேற்றும் எப்லி முறை பெரும்பாலோருக்கு ஓரிரு அமர்வுகளில் பலன் தருகிறது, மாதக்கணக்கில் மாத்திரை தேவையில்லை. எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவது இரண்டிலும் சேராது. அது கால்களில் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் இறங்கித் தேங்கி இரத்த அழுத்தம் குறைவதால் வருவது.

எடைபோடும் திறன் பயிற்சியால் மேம்படக்கூடியது. கால் உணர்வு குறைந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது சமையல் மேடையின் ஓரத்தில் விரல்நுனியை வைத்துக்கொண்டு, பாதங்களை ஒட்டி வைத்து, 30 நொடி நிற்பது. மேடையைப் பிடிக்கத் தேவையில்லை. விரல்நுனி 100 கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் தொட்டிருந்தாலே உடலின் ஆட்டம் கணிசமாகக் குறைவதை 1990களில் ஜான் ஜெக்காவும் ஜேம்ஸ் லாக்னரும் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்தத் தொடுகை உடலைத் தாங்குவதில்லை, சாய்வைப் பற்றிய செய்தியை மட்டுமே தருகிறது. ஊன்றுகோலின் பயனில் பெரும்பகுதி இதுவே. முதியவர்கள் அதை ஏந்தத் தயங்கும்போது இதைச் சொல்லிப் புரியவைக்கிறேன். பிறகு ஒரு பாதத்தை மற்றதற்கு நேர்முன்னால் வைத்து நிற்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது என்று கூட்டிக்கொண்டே போகலாம். நுரைமெத்தையும் கண்மூடுவதும் அருகில் ஒருவர் இருக்கும்போது மட்டும். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். பாதத்தின் இடத்தைக் கண் எடுத்துக்கொண்டிருப்பவரிடமிருந்து வெளிச்சத்தைப் பறிக்கக் கூடாது.

ஒன்றுக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. நேற்றுவரை நன்றாக நின்றவர் திடீரென்று துணையின்றி நிற்கவோ உட்காரவோ முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், கூடவே பேச்சுக் குழறினாலும் இரட்டையாகத் தெரிந்தாலும் விழுங்கச் சிரமப்பட்டாலும், அல்லது இவை எதுவும் இல்லாமல் கடும் சுற்றலும் வாந்தியும் மட்டுமே இருந்தாலும், சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைக்காமல் உடனே 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்லுங்கள். அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.